அளவுக் கால்

விழுங்கினாள். இறங்கிவிட்டது. தொண்டையில் எங்கும் நிற்காமல், நெஞ்சுக்குள் ஒரு குளிர்ந்த கோடு இழுத்துக்கொண்டு வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. சிந்துஜா டம்ளரைக் கண்ணெதிரே பிடித்து மீதித் தண்ணீரை உற்றுப் பார்த்தாள். பயமாக இருக்கிறதா? இல்லை. இருக்கிறதா? டம்ளருக்குள் ஜன்னல் சின்னதாக வளைந்து ஆடியது, அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளும்போதே பார்வை டம்ளரிலிருந்து விலகியது. அது தண்ணீரைப் பார்த்து வந்த பயமா, பயம் வந்துவிடுமோ என்கிற பயமா என்று பிரிக்க முடியவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். "அந்தச் சொம்ப இன்னும் எத்தன வாட்டிடி ரொப்புவ?" என்றாள் அம்மா, கையிலிருந்த குறட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "கருவாடு தின்னவளாட்டம் காலையில இருந்து குடிச்சுக்கிட்டே இருக்க." "வெயில்மா." "எங்களுக்கு மட்டும் என்ன, ஊட்டியா?" என்றாள் கோமதி அக்கா. "நாங்க குடிக்கிறமா? குடிச்சா எந்திரிக்கணும், எந்திரிச்சா உதறணும்." உதறணும் என்று கேட்டதும் சிந்துஜா பாவாடையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் முன்னறையில் பழைய போர்வையை விரித்து, பட்டறையிலிருந்து வந்த வெள்ளி வளையங்களையும் சின்னச் சலங்கை முத்துகளையும் அதில் கொட்டி, அம்மாவும் பக்கத்து வீட்டுக் கோமதி அக்காவும் கொலுசு கோர்ப்பார்கள். போர்வையை விட்டு யார் எழுந்தாலும் துணியைத் தூக்கி நன்றாக உதறிவிட்டுத்தான் எழ வேண்டும், ஒரு முத்து மடியில் ஒட்டிக்கொண்டு போனாலும் எடை குறையும். அதனால் அவள் இன்று போர்வைக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, இரண்டு கால்களையும் பாவாடைக்குள் மடக்கிவைத்து, மடியில் நூலகப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள். பற்றவைக்கும் சுடர் அலையக்கூடாது என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். முதுகில் வியர்வை வழிந்தது. வியர்வைதானா, காய்ச்சலா. கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நெற்றியும் கையும் ஒரே உடம்பு, இரண்டும் சேர்ந்து கொதித்தால் எப்படித் தெரியும்.

வலது கணுக்காலுக்குச் சற்று மேலே, பழைய துப்பட்டாவில் கிழித்த துணிக்கு அடியில், அது இருந்தது. அதை என்ன பெயரில் நினைப்பது என்று அவளுக்கு இன்னும் முடிவாகவில்லை. கடி என்று நினைத்தால் ஊசி என்று நினைக்க வேண்டியிருந்தது, ஊசி என்றால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் அம்மா, அம்மா என்றால் தெரு, தெரு என்றால் கம்பு. அதனால் காயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். காயம் யாருக்கும் படும். புத்தகங்களில் எல்லோருக்கும் படுகிறது. உப்புச் சதுப்பில் படகு உடைந்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாகக் கிடந்த பையன் கடற்பாசியை வைத்துக் கட்டினான். பனிமலையில் கிழட்டுக் கரடியோடு ஒரே குகையில் குளிர்காலத்தைத் தள்ளிய பெண் மரப்பிசினைச் சுடவைத்து ஊற்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டாள் என்று அதில் எழுதியிருந்தது. சிந்துஜாவும் நேற்று சாயங்காலம் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள், வேலியோரத்தில் வெட்டுக்காயப் பூண்டு பறித்துக் கசக்கிச் சாற்றைப் பிழிந்தபோதும் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. அதில் ஒரு பெருமைகூட இருந்தது, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். ரிஸ்வானாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரிஸ்வானாவும் அவளும் வகுப்பில் ஒரே பெஞ்சு, நூலகத்தின் சிறுவர் அலமாரியில் காடு, மிருகம், தப்பிப் பிழைத்தவன் என்று இருந்த எல்லாவற்றையும் போட்டி போட்டுப் படித்தவர்கள். ஒன்று முடிந்ததும் அட்டையைத் தடவிப் பார்த்துக் கைமாற்றிக்கொள்வார்கள். கரடிப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. பனி உருகும்போது கரடி என்ன ஆனது, அந்தப் பெண்ணின் வீங்கிய கை என்ன ஆனது, தெரியாது. "செத்துருப்பாடி," என்றாள் ரிஸ்வானா. "சாகமாட்டா. அவதான கதையே." "கதைன்னா சாகக்கூடாதுன்னு சட்டமா?" அன்றைக்கு அதற்காக இடைவேளை முழுவதும் பேசாமல் இருந்தார்கள். இப்போது மடியில் இருப்பதும் அதே புத்தகம்தான். கிழிந்த இடம் வரைக்கும் மறுபடியும் வந்துவிட்டாள். ஒரே வரியைக் கண் திரும்பத் திரும்ப மிதித்தது. கை இரண்டு மடங்கு கனத்தது, ஆனால் அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட அங்கே யாரும் இல்லையே, என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அந்தத் தெருநாய்க்குச் சாம்பல் என்று பெயர் வைத்தவள் அவள்தான். நிறம் சாம்பல்கூட இல்லை, செம்மண் பூசின மாதிரி ஒரு பழுப்பு. ஆனால் புத்தகத்து மிருகங்களுக்கு அப்படித்தான் பெயர் இருந்தது, புயல், கரி, இருட்டு என்று ஒரே சொல்லில். தெருவில் அதற்குப் பெயர் கிடையாது. ச்சூ என்பதுதான் பெயர். லைன் வீடுகளுக்குப் பின்னால் யாரோ வாங்கிப் போட்டு மறந்துபோன காலிமனை ஒன்று சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது, நடுவில் இறக்கிப் போட்டுப் புதைக்காமலே விட்ட சிமென்ட் குழாய்கள். அதில் ஒன்றுக்குள்தான் குட்டிகள். மொட்டை மாடியில் ஏறி நின்றால் வடக்கே சேர்வராயன் மலை நீலமாகத் தெரியும், அங்கே போக முடியாது என்பதால் இதுதான் காடு. மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது, நேராகக் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்காருவது, சோற்றுருண்டையை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் நகர்த்தி வைப்பது, எல்லாம் புத்தகத்தில் இருந்தபடி. போகும்போது கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது மட்டும் அவளாகச் சேர்த்துக்கொண்டது. எந்தப் புத்தகத்திலும் யார் காலிலும் கொலுசு இல்லை. நேற்று கழற்ற முடியவில்லை. புது மாடல், கொத்துக் கொத்தாக முத்து வைத்தது. ஒரு நாள் முழுக்கக் காலில் கிடந்தால்தான் கொக்கி விடுகிறதா, முத்து உதிர்கிறதா, சத்தம் எப்படி என்று தெரியும் என்று அம்மா காலையிலேயே போட்டுவிட்டுக் கொக்கியைக் குறட்டால் நெருக்கியிருந்தாள். சிந்துஜா நுனிக்காலில் நடந்தாள். சாம்பல் கையிலிருந்தே தின்றது. நாக்கு சொரசொரப்பாக உள்ளங்கையைத் துழாவியது. இனி இது என் மிருகம் என்று அவளுக்கு மூச்சு முட்டியது, அந்த மூச்சு முட்டலில்தான் குழாய் வாய்க்கு இன்னும் கிட்டே போனாள், குட்டிகளின் கண் திறந்திருக்கிறதா என்று பார்க்க. சரளையில் கால் சறுக்கியது. ஜல் என்று மொத்த முத்தும் ஒரே நேரத்தில் குலுங்கியது. அவ்வளவுதான். சாம்பலுக்கு அவளைத் தெரியும், அந்தச் சத்தத்தைத் தெரியாது. சத்தத்தைத்தான் கடித்தது, என்னை இல்லை, என்று நேற்று இரவு போர்வைக்குள் பல தடவை சொல்லிக்கொண்டாள். எல்லாப் புத்தகத்திலும் ஒரு கடி உண்டு. மிருகம் ஒரு தடவை கடிக்கும், அப்புறம் அது அவனுடையதாகிவிடும். அடுத்த அத்தியாயத்தில் அவன் காலடியில் படுத்திருக்கும். ஊசி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"எங்கடி என் அளவுக் காலு? இங்க நீட்டு," என்றாள் அம்மா. ஒரு கொலுசு முடிந்து அவள் கையில் தொங்கியது. எந்த மாடலுக்கும் நீளம் பார்ப்பது சிந்துஜாவின் வலது காலில்தான். சேலத்திலிருந்து வடக்கே லாரியில் போகிற கொலுசெல்லாம் உம் மக காலு அளவுதான்க்கா, ஊர் பேர் தெரியாத பொம்பளைங்க எல்லாம் இவ கால மாட்டிக்கிட்டு நடக்கிறாளுங்க என்று கோமதி அக்கா சொல்லிச் சிரிப்பாள். சிந்துஜா உட்கார்ந்தபடியே நகர்ந்து இடது காலை நீட்டினாள். "இது இல்ல, அந்தக் காலு." "அது மரத்துப் போச்சும்மா." "மடக்கிப் போட்டு மகாராணியாட்டம் உக்காந்தா மரக்காம என்ன பண்ணும். உதறிவிடு. அப்புறம் பாத்துக்கலாம்." அம்மா இடது காலிலேயே போட்டுப் பார்த்து, ஒரு வளையம் கூடுதலாக இருக்கிறதா என்று விரலால் நெம்பி, முகத்தைச் சுளித்துக் கழற்றிக்கொண்டாள். அம்மாவின் விரல்கள் சூடாக இருந்தன. சிந்துஜா காலை இழுத்துக்கொண்டு மறுபடி சுவருக்கு வந்தாள். தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு ஒரு கணம் நின்றது, உடனே அதன்மேல் இன்னொன்று ஏறியது. மரத்துப் போச்சு என்று சொன்னது பொய்தானே? பாவாடைக்குள் வலது கால் விரல்களை அசைத்தாள். அசைந்தன. கட்டைவிரல் அசைந்ததா, அசைந்ததாக நினைத்தாளா? கிள்ளிப் பார்த்தாள். வலித்தது. வலி கொஞ்சம் தாமதமாக வந்த மாதிரி இருந்தது. முதலில் கை உணர்ந்தது, அப்புறம்தான் கால். எப்போதும் அப்படித்தானா? இதற்கு முன்னால் தன் கால் விரலைத் தானே கிள்ளிப் பார்த்ததில்லை. இடது காலைக் கிள்ளினாள். அதுவும் தாமதமாகத்தான் வந்தது. அப்படியானால் சரி. அல்லது இரண்டு காலிலும் வந்துவிட்டது. டம்ளரை எடுத்தாள். விழுங்கினாள். இந்தத் தடவை தொண்டையில் ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியது. எப்போதும் உண்டா அந்த மேடு? ஒரு நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கு வந்து நாய்க்கடி நோயைப் பற்றிப் படம் காட்டிச் சொல்லிவிட்டுப் போனாள், அன்றைக்குச் சிந்துஜா பாதியைத்தான் கேட்டாள், மடியில் விரித்த புத்தகத்துக்குள் கடற்பாசிப் பையன் இருந்தான். முழுக்கக் கேட்டவள் ரிஸ்வானா. "தண்ணியப் பாத்தாலே தொண்ட அடச்சுக்குமாம்டி. அது வந்துட்டா அப்புறம் சாமியே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதாம்." "எத்தன நாள்ல வரும்?" "அது நாய்க்குத்தான் தெரியும்." இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஊசி போட்டுக்கொண்டால் ஒன்றும் ஆகாது. அதுவும் தெரியும். தையல்காரர் பையனுக்குப் போட்டார்கள், அவன் இப்போது சைக்கிளில் இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுகிறான். அவனைக் கடித்த நாய்தான் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கயிற்றைப் போட்டுப் பிடித்தார்கள். அவள் தினம் அங்கிள் என்று கூப்பிடுகிற ஆட்கள்தான், ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒருவர் வாயில் பல்குச்சியோடு. முதல் அடிக்கு அது கத்தியது, அப்புறம் கத்தவில்லை, அப்புறமும் அடித்தார்கள். அம்மா வந்து ஜன்னலைச் சாத்தினாள். "பாவந்தான். என்ன பண்றது, புள்ளைங்க இருக்கிற எடம்," என்றாள். அந்த வார்த்தையைத்தான் சிந்துஜாவால் தாண்ட முடியவில்லை. அம்மா கெட்டவளாக இருந்தால் சுலபம். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள், மடியில் போட்டுக்கொள்வாள், ஆட்டோ பிடிப்பாள், போகிற போக்கில் தெருவில் யாரோ என்னாச்சுக்கா என்பார்கள், அம்மா சொல்லிவிடுவாள். சொல்லத்தான் செய்வாள். திரும்பி வருவதற்குள் முடிந்திருக்கும். குழாய்க்குள் கண் திறக்காத குட்டிகளை என்ன செய்வார்கள் என்று அவள் நினைக்கத் தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள், நினைப்பில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று மறுபடி அங்கேயே திரும்பி வந்தாள். சாக்குப் பை. யாராவது சாக்குப் பை கொண்டுவருவார்கள். சாம்பலுக்கு நோய் இல்லை என்று மட்டும் தெரிந்துவிட்டால் போதும். நோய் இல்லை. நோய் இருக்கிற நாயின் வாயில் நுரை தள்ளும் என்று நர்ஸ் சொன்னாள். சாம்பலின் வாயோரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தொங்கியது. அது மோர். நேற்று கொண்டுபோனது மோர்ச்சோறுதான், சாம்பல் முழுவதையும் தின்றது, அந்த வெள்ளை மோர்தான். கடித்துவிட்டு நிமிர்ந்தபோதும் தொங்கியதே? தின்றதும் கடித்ததும் அடுத்தடுத்து நடந்தது, துடைத்துக்கொள்ள அது என்ன மனுஷியா. மோர்தான். மோர் அத்தனை நீளமாகத் தொங்குமா? பழைய மோர் தொங்கும். அம்மா முந்தின நாள் உறைக்கு வைத்தது. இன்று காலையில் மாடியிலிருந்து பார்த்தாள். குழாய் வாயில் அவள் வைத்த மண் சட்டி வெயிலில் மின்னியது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்தது. சாம்பல் குடிக்கவில்லை. இரவெல்லாம் குடிக்கவில்லை. அல்லது சாக்கடையில் குடித்திருக்கும், நாய்கள் சாக்கடையில்தான் குடிக்கும், சட்டித் தண்ணீரை அவளுக்காக எதற்குக் குடிக்க வேண்டும். சாம்பலையும் காணவில்லை. இப்போது ஜன்னலுக்கு வெளியே, கருவேலத்துக்குள்ளிருந்து, குட்டிகள் கத்தின. மெல்லிசாக, கதவு கிறீச்சிடுகிற மாதிரி. தாய் வந்தால் நிறுத்திவிடும். நிறுத்தவில்லை.

"இங்க பாருக்கா," என்றாள் கோமதி அக்கா. நேற்று சிந்துஜா போட்டு நடந்து, ராத்திரி தானே குறட்டால் நெம்பிக் கழற்றி வைத்த ஜோடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். சாயங்காலம் பட்டறைக்காரர் வந்து வாங்கிப்போக வேண்டிய மாதிரி ஜோடி அதுதான். "இந்த முத்து நசுங்கியிருக்கு. வளையத்துல கீறல் வேற. உம் மக கொலுசக் கால்ல போட்டாளா, பல்லுல போட்டாளா?" அம்மா வாங்கிப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே, கண்ணைச் சுருக்கி, அந்த ஒரு முத்தை விரல் நுனியால் உருட்டி உருட்டிப் பார்த்தாள். சிந்துஜாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. குட்டிகளின் சத்தம், குறட்டின் சத்தம், கோமதி அக்காவின் குழந்தை தர்ஷன் எதையோ தரையில் தட்டுகிற சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தன. பார்த்துவிடு என்று ஒரு பக்கம் நினைத்தாள். பல் பட்ட தடம் என்று நீயே கண்டுபிடித்துவிடு, நான் சொன்னதாக இருக்க வேண்டாம். சாம்பலிடம் நான் சொல்லிக்கொள்ளலாம், நான் சொல்லவில்லை என்று. "எங்கயாச்சும் கல்லுல இடிச்சிருப்பா," என்றாள் அம்மா. "ஏண்டி, எங்க போய் ஏறின நேத்து?" "எங்கயும் ஏறல." "ஏறாமத்தான் வெள்ளி நசுங்குச்சா? இவளக் காட்டுல கொண்டுபோய் விட்டா நல்லாப் பொழச்சுக்குவா, கோமதி. வீட்டுலதான் ஒரு வேலைக்கும் ஆகாது. எப்பப் பாரு புஸ்தகம், கரடி, கொரங்கு." "கரடிய விடுக்கா, நாளைக்கி ஒருத்தனக் கட்டிக்கும்போது ஒதவும்," என்றாள் கோமதி அக்கா. இருவரும் சிரித்தார்கள். அம்மா முத்தைக் குறட்டால் நெருக்கி எடுத்துவிட்டு, இன்னொரு முத்தைத் தேடிப் போர்வையில் விரலால் துழாவத் தொடங்கினாள். பார்க்கவில்லை. கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை. தப்பித்ததற்குச் சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை, அழுகை வந்தது. அதை விழுங்கினாள். இறங்கியது.

ஒரு தடவை மைதானத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, காட்டுக்குப் போனால் மூன்றே பொருள்தான் எடுத்துப் போகலாம் என்றால் என்ன எடுப்பாய் என்று விளையாடினார்கள். சிந்துஜா கத்தி, தீப்பெட்டி, கயிறு என்றாள். அது எல்லோரும் சொல்வது. ரிஸ்வானா யோசித்து யோசித்து, தீப்பெட்டி, கொசுவலை, எங்கம்மா என்றாள். "அம்மா பொருளாடி?" "எங்க வீட்ல பொருள்தான். பீரோ மாதிரி. நகத்தவே முடியாது." "காட்டுல அம்மா இருந்தா அது காடே இல்ல." "அப்ப சோறு யாருடி ஆக்குவா, கரடியா?" அதற்குச் சிந்துஜா ரொம்பத் தெரிந்தவள் மாதிரி ஒரு பதில் சொன்னாள். அது உண்மையும்கூட. எல்லாப் புத்தகத்திலும் முதல் அத்தியாயத்திலேயே அம்மா இல்லாமல் போய்விடுகிறாள். செத்துப்போகிறாள், இல்லையென்றால் கப்பல் ஏறிப் போகிறாள், இல்லையென்றால் முதலிலிருந்தே பேச்சே இல்லை. அம்மா போனால்தான் கதை தொடங்கும். அன்றைக்கு அது அவளுக்கு ஒரு பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. இப்போது கைநீட்டினால் எட்டுகிற தூரத்தில் அம்மா உட்கார்ந்து ஊதுகுழலை உதட்டில் வைத்துச் சுடரை ஊதிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை, மூக்கு நுனியில் ஒரு துளி, அது விழுமா விழாதா என்று தொங்கியது. கழுத்தில் வெள்ளித்தூள் ஒட்டி மின்னியது. அப்பா லாரியோடு எங்கோ வடக்கே. வரும்போது நான் இல்லையென்றால்? அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் இல்லையென்றால் அளவுக்கு யார் கால்? அம்மா போர்வையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கொலுசு முடிந்ததும் பழக்கத்தில் நீட்டு என்பாள். சிந்துஜா அதை நினைக்காமல் இருக்க வரியைப் படித்தாள். கை இரண்டு மடங்கு கனத்தது, ஆனால் அவள் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த பக்கம் இல்லை. கிழிந்த தாளின் பிசிறு மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு ரிஸ்வானாவிடம் கேட்கலாம், நோய் வர எத்தனை நாள் என்று, சும்மா கேட்கிற மாதிரி. நாளைக்கு என்றால் இன்னொரு இரவு போக வேண்டும். நேற்று இரவே ஒரு இரவு போய்விட்டது. காலுக்குள்ளிருந்து அது மேலே ஏறுகிறது என்று நர்ஸ் சொன்ன ஞாபகம், நரம்பு வழியாக, எறும்பு மாதிரி, அவசரமே இல்லாமல். இப்போது எங்கே இருக்கும்? முழங்காலா? முழங்காலைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாம்பல் மட்டும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தச் சட்டியில் வாய் வைத்தால் போதும்.

டம்ளர் கையில் இல்லை. தரையில் வைத்திருந்தாள், எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. தர்ஷன் தவழ்ந்து வந்து அதைப் பிடித்திருந்தான். அவனுக்குப் பல் முளைக்கிற காலம், கிடைத்ததையெல்லாம் கடிப்பான், நாற்காலிக் கால், செருப்பு, அவன் அம்மாவின் முந்தானை. டம்ளர் விளிம்பை, அவள் சற்றுமுன் வாய் வைத்த அதே இடத்தை, ஈறால் கவ்விச் சப்பிக்கொண்டிருந்தான். தண்ணீர் முகவாயில் வழிந்து வயிற்றில் சொட்டியது. அவளைப் பார்த்து ஈறு தெரியச் சிரித்தான். சிந்துஜா ஒரு சத்தம் போட்டுக்கொண்டு டம்ளரைப் பிடுங்கினாள். அது கையிலிருந்து தப்பிச் சுவரில் மோதி உருண்டது. தர்ஷன் ஒரு கணம் மூச்சை அடக்கி, உதட்டைப் பிதுக்கி, பிறகு வீடே இடிகிற மாதிரி அழுதான். "ஏண்டி! ஒரு வாய்த் தண்ணிக்கா?" என்றாள் கோமதி அக்கா. "பச்சப் புள்ள கையில இருந்து பிடுங்கறா பாரு. பெரிய இவ!" "என்னடி வந்துச்சு உனக்கு இன்னிக்கு?" என்றாள் அம்மா. தர்ஷனின் வாயைத் துடைக்க வேண்டும். பாவாடை நுனியை எடுத்தாள், அது கால்மேல் கிடந்த துணி, விட்டாள். உள்ளங்கையால் துடைக்கப் போனாள், சாம்பல் நக்கிய உள்ளங்கை, அதே கையால்தான் காலைக் கட்டினாள், விட்டாள். புறங்கை. சட்டைக் கை. அவளிடம் சுத்தமானது எதுவும் இல்லை. கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அழுகிற அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குகையில் அந்தப் பெண் தனியாக இருந்தாள். சதுப்பில் அந்தப் பையன் தனியாக இருந்தான். செத்தால் அவர்கள்தான் சாவார்கள், அதனால் அவர்களுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள முடிந்தது. இங்கே ஒரு சின்ன அறை, ஒரே சொம்பு, நான்கு பேர் வாய் வைக்கிற டம்ளர். கோமதி அக்கா எழுந்து, பழக்கம் மாறாமல், அவசரத்திலும் புடவையை ஒரு தடவை உதறி, வந்து குழந்தையை அள்ளிக்கொண்டாள், முந்தானையால் அவன் வாயை அழுந்தத் துடைத்தாள், உள்ளேயும் வெளியேயும். நன்றாகத் துடைத்தாள். இன்னும் ஒரு தடவை துடை அக்கா. "ஒண்ணுமில்லடா தங்கம், அந்தக் கரடி அக்காவ நாம அடிச்சுரலாம். எங்க, அடி?" தர்ஷனின் சின்னக் கையைப் பிடித்து சிந்துஜாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

குட்டிகளின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. சாம்பல் வந்திருக்கும். சட்டியில் வாய் வைத்திருக்கும். மாடிக்கு ஓடிப் போய்ப் பார்க்கலாம், இரண்டு நிமிஷ வேலை. பார்த்து, தண்ணீர் குறைந்திருந்தால்? குறையாமல் இருந்தால்? குறைந்திருந்தாலும் அது காக்கை குடித்ததா, காய்ந்ததா என்று அங்கேயே நின்று நினைத்துக்கொண்டிருப்பாள், இருட்டும் வரைக்கும், அப்புறம் நாளைக்கும். பாவாடைக்குள் அவள் விரல்கள் முடிச்சைத் தேடின. நேற்று இறுக்கிப் போட்ட முடிச்சு, ஈரம் பட்டு இன்னும் இறுகியிருந்தது, நகத்தால் நெம்பினாள். அம்மாவின் கையில் அடுத்த கொலுசு முடிந்திருந்தது. கொக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "கால நீட்டு சிந்து. பட்டறை அண்ணன் வர்ற நேரம் ஆச்சு. மரப்பு விட்டுருச்சில்ல?" என்றாள். "ம்." துணி அவிழ்ந்தது. இலைச் சக்கை தோலோடு ஒட்டியிருந்தது, இழுத்தபோது கண்ணில் நீர் வந்தது. அவள் போர்வைமேல் நகர்ந்து வந்தாள், முத்துகள் தொடைக்கடியில் உருண்டு குத்தின. தெருவில் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். வலது காலைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மா தர்ஷனைப் பார்த்து நாக்கைத் துருத்தி, "அழுவாத சாமி, உனக்கும் ஒரு கொலுசு போட்டுரலாம், ஆம்பளப் புள்ளைக்குப் போடக்கூடாதுன்னு எவன் சொன்னான்," என்று விளையாட்டுக் காட்டிக்கொண்டே, பார்க்காமல், சூடான கையால் அவள் கணுக்காலைத் தேடினாள். சிந்துஜா பாவாடையை ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.